ஈயம், கண்ணாடி, டீசல் எல்லாம் ஏறும்போது வண்ணக் கண்ணாடி வேலைக்கு விலை போடுவது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரி பட்டறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஓசூர் வில்லாக்களின் பூஜை அறைக் கதவு, ரிசார்ட் வரவேற்பறை, பெங்களூரு ஆர்க்கிடெக்ட் அனுப்பும் படிக்கட்டு ஜன்னல், எப்போதாவது ஒரு பங்குக் கோயில் (சர்ச்). ஸ்டெயின்டு கிளாஸ் வேலை நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இப்படித்தான் வருகிறது. வேலைக்குக் குறைவில்லை. கையில் நிற்கும் பணம்தான் குறைந்துகொண்டே போகிறது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் கரண்ட் பில்லையும் டீசலையும் காட்டுகிறார்கள். பிறகு மொத்த ரேட்டில் 10 சதவீதம் ஏற்றுகிறார்கள். வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், அதில் 5 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள், நஷ்டம் அப்படியே இருக்கிறது.

ஒரு பேனலுக்குள் ஐந்தாறு விதமான செலவு இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்துக்காக, வேறு வேறு நேரத்தில் ஏறுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே சதவீதத்தில் விலை ஏற்றினால் ஏறாத பொருளுக்கு வாடிக்கையாளர் பணம் கொடுப்பார், ஏறிய பொருளுக்கு நீங்கள் கொடுப்பீர்கள். பிரித்துப் பார்க்கும் வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். கணக்கு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு வேலையை எடை போடுங்கள்

சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். அடுத்து வரும் வேலையைத் தொடங்கும் முன் சால்டர் (இணைப்புகளில் உருக்கி ஓடவிடும் உலோகக் கம்பி) சுருளை எடை போட்டுக் குறித்து வையுங்கள். முடித்தபின் மறுபடி போடுங்கள். காப்பர் ஃபாயில் (துண்டுகளின் ஓரத்தில் சுற்றும் செம்பு டேப்) எத்தனை அடி போனது, எத்தனை சதுரடி ஷீட் வெட்டினீர்கள், பேனலில் எவ்வளவு போனது, கழிவு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். ஒரு நோட்டு போடுங்கள், போனில் எழுதினால் தேடவே முடியாது.

எண்கள் எப்படி வரும் என்று ஒரு உதாரணம் பார்ப்போம். 2 அடிக்கு 3 அடி, அதாவது 6 சதுரடி பேனல். 60 துண்டுகள். ஒரு துண்டு சராசரியாக 14.4 சதுர அங்குலம் வரும். சதுரம் என்று வைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 15 அங்குலம். 60 துண்டுக்கும் சேர்த்து 76 அடி ஃபாயில். கடையில் கிடைக்கும் ஒரு ரோல் பொதுவாக 36 கெஜம், அதாவது 108 அடி. ஆகவே ஒரு பேனலுக்கு முக்கால் ரோலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். பூ, மயில் மாதிரி வளைவு அதிகமுள்ள டிசைனுக்குச் சுற்றளவு கூடும், ஃபாயிலும் கூடும்.

வெளி விளிம்பு 10 அடியைக் கழித்துவிட்டு, இரண்டு துண்டுக்கு ஒரு இணைப்பு என்று பாதியாக்கினால், உள் இணைப்புகள் மட்டும் 33 அடி, அதாவது 10 மீட்டர். முன்னும் பின்னும் உருண்டையாக மேடு வருமாறு 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், அதாவது டின், 40 பங்கு ஈயம்) ஓடவிட்டால் சுமார் 1.3 கிலோ பிடிக்கும். சதுரடிக்கு 200 கிராமுக்குச் சற்று மேலே.

இதே பேனலை ஃபாயிலுக்குப் பதில் ஈயச் சட்டத்தில் (துண்டுகளின் ஓரத்தைச் செருகும் ஈயப் பட்டை) செய்தால் சால்டர் சந்திப்புகளுக்கு மட்டும்தான் போகும். 200 கிராமுக்குள் முடியும். ஆனால் ஈயச் சட்டம் 43 அடி வேண்டும், இடுக்கை அடைக்க மக்கும் (புட்டி) வேண்டும். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள், பின்னால் இதை வைத்துத்தான் காசு மிச்சம் செய்யப் போகிறோம்.

இரண்டாவது படி: எது எதனோடு ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சால்டரில் விலை வெள்ளீயத்தில்தான் இருக்கிறது. உலகச் சந்தையில் வெள்ளீயம் ஈயத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் விலை. ஆகவே 60/40 சால்டரின் உலோக மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயத்தினுடையது. உலகில் எடுக்கப்படும் வெள்ளீயத்தில் பாதியளவு சால்டருக்கே போகிறது. செல்போன், கம்ப்யூட்டர், சோலார் பேனல் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஓசூரைச் சுற்றி வளர்ந்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் நீங்களும் ஒரே உலோகத்துக்கு வரிசையில் நிற்கிறீர்கள்.

அது அதிகம் கிடைக்கும் நாடுகளும் சில மட்டுமே. சீனா, இந்தோனேசியா, மியான்மர், பெரு. மியான்மரின் 'வா' பகுதியில் 2023 ஆகஸ்ட்டில் சுரங்க வேலையை நிறுத்தியபோது சந்தையே ஆடியது. அதற்கு முன் 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் டன் 45,000 டாலரைத் தாண்டிப் போன வெள்ளீயம், அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் 20,000 டாலருக்குக் கீழே இறங்கியது. ஒரே வருடத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள பொருளுக்கு 'போன வருட ரேட்' என்று ஒன்று இருக்கவே முடியாது.

அதோடு டாலர். 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டில் விலை அசையாமல் இருந்தாலும் நமக்கு ஏறும்.

ஃபாயில் செம்போடு ஏறும். ஈயச் சட்டம் ஈயத்தோடு, ஆனால் மெதுவாக. இந்த இரண்டின் விலையையும் நம் நாட்டு எம்சிஎக்ஸ் பொருள் வணிகச் சந்தையில் தினமும் பார்க்கலாம். வெள்ளீயத்துக்கு லண்டன் விலையைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் மஞ்சள் சாயம் ஏற்றும் சில்வர் ஸ்டெயின் வெள்ளியோடு ஏறும். நகைக் கடை போர்டைப் பார்த்தாலே அதன் போக்கு தெரிந்துவிடும்.

கண்ணாடி ஷீட் எரிபொருளோடு ஏறும். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக் கல் மூன்றையும் 1,500 டிகிரி அளவில் உருக்க வேண்டும். அந்த உலையை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது, வருடக் கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். உத்தரப் பிரதேசத்தின் கண்ணாடி நகரமான ஃபிரோசாபாத்தின் உலைகள் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. தாஜ்மகாலைக் காக்க 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதி ஆலைகளில் நிலக்கரியைத் தடுத்ததன் விளைவு அது. எரிவாயு விலை ஏறினால் ஷீட் விலை சில மாதம் கழித்து ஏறும். அமெரிக்க, ஜெர்மன் ஷீட்டுகளுக்கும் இதே கதைதான், மேலே கப்பல் வாடகையும் சேரும். ஆகவே நம்மைத் தாக்கும் எரிபொருள் விலையில் பெரும் பங்கு நம் பட்டறைக்குள் எரிவதில்லை. வாங்கும் ஷீட்டுக்குள்ளேயே ஒளிந்து வருகிறது.

மூன்றாவது படி: எது உண்மையில் கடிக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

மேலே சொன்ன 6 சதுரடி பேனலையே எடுத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாய் எண்கள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

100 வாட் சால்டரிங் அயர்ன் 6 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 5 ரூபாய்கூட இல்லை. மின் கட்டணம் 10 சதவீதம் ஏறினால் 50 பைசா கூடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய்வர 180 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 12 லிட்டர் டீசல். டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் அந்த நடைக்கு 60 ரூபாய் கூடும்.

சால்டர் கிலோ 2,400 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்கு ஏறினால் 1.3 கிலோவுக்கு 780 ரூபாய் கூடும்.

சதுரடி 1,000 ரூபாய் ஷீட்டில், 6 சதுரடிக்கு வழக்கமான 30 சதவீதக் கழிவு வைத்து 7.8 சதுரடி வாங்குகிறீர்கள். வெட்டும்போது கவனம் தவறி 9 சதுரடி போய்விட்டால் 1,200 ரூபாய் போச்சு.

50 பைசா, 60 ரூபாய், 780 ரூபாய், 1,200 ரூபாய். எதைப் பற்றிப் புலம்புகிறோம், எது பணத்தைத் தின்கிறது என்று இந்த நான்கு எண்களே காட்டிவிடும். டீசல் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பேனலுக்காக ஒரு முழு நடை போனால் அந்த 12 லிட்டரும் பெரிய செலவுதான். ஆனால் அதை நம் கையால் குறைக்க முடியும். வெள்ளீயத்தின் சந்தை விலையை முடியாது, ஆகவே அதை நாம் எழுதும் கொட்டேஷனிலும் செலவழிக்கும் அளவிலும் கட்டுப்படுத்த வேண்டும்.

நான்காவது படி: சால்டரை அளவாகச் செலவழியுங்கள்

தரம் குறைந்த சால்டர் வாங்குவது மிச்சமே இல்லை. மறுசுழற்சி என்ற பெயரில் சந்தையில் வரும் சில கட்டிகளில் துத்தநாகம், அலுமினியம் கலந்திருக்கும். கொஞ்சம் கலந்தாலே மேல்பரப்பு மணல் மணலாக வரும், ஓடாது, நீங்கள் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். நல்ல சால்டரே வாங்குங்கள், குறைவாகச் செலவழியுங்கள்.

முதல் இடம் துண்டுகளுக்கு இடையேயான இடைவெளி. நம் உதாரணத்தில் இணைப்பு 10 மீட்டர். கண்ணாடித் தடிமன் 3 மில்லிமீட்டர். எல்லா இணைப்பிலும் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டால், அந்தப் பள்ளத்தை நிரப்ப மட்டும் 30 கன சென்டிமீட்டர், அதாவது கால் கிலோ சால்டர் போகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கால் கிலோ! கிரைண்டரில் இன்னும் ஒரு நிமிடம் நின்று துண்டைச் சரியாக உட்காரவைத்தால் அது மிச்சம். பேட்டர்னை ஃபாயில் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், அது இடைவெளிக்கு வேண்டிய அளவை மட்டும் தானே எடுத்துவிடும்.

இரண்டாவது, கலவை. 60/40 சால்டர் 183 டிகிரியில் இளகி 190 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும், அதனால்தான் மேடு வழவழவென்று வருகிறது. 50/50 சால்டர் 183-ல் இளகத் தொடங்கினாலும் முழுக்க உருக 215 டிகிரி ஆகும். நடுவில் கூழாக நிற்கும், அலங்கார மேடுக்குப் பிடிக்காது. ஆனால் வெள்ளீயம் குறைவு. அதே பேனலில் 60/40 முழுக்கப் போட்டால் 780 கிராம் அளவில் வெள்ளீயம் போகும், 50/50 என்றால், அதே இடத்தை நிரப்ப எடை சற்றுக் கூடினாலும், 680 அளவில்தான். நான் சொல்லும் வழி: முதல் பூச்சுக்கும், பள்ளம் நிரப்பவும், சுவரைப் பார்த்து நிற்கும் பின்பக்கத்துக்கும் 50/50. பார்க்கும் பக்கத்து மேடுக்கு மட்டும் 60/40. இரண்டு சுருளுக்கும் இரண்டு நிறத்தில் டேப் ஒட்டிவையுங்கள், மாறிப்போனால் முன்பக்கம் கெட்டுவிடும்.

மூன்றாவது, கை. ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்டிப் பிடிக்கத் தடவுவது) தடவிய ஃபாயிலில் அயர்ன் நுனியை வைத்துச் சுருளைத் தொட்டதும் சால்டர் பளிச்சென்று வெள்ளியாக விரியும். அந்த விரிவு இரண்டு ஓரத்தையும் தொட்ட கணமே நுனி நகர வேண்டும். நின்றால் சால்டர் கீழே இறங்கிப் பின்பக்கம் சொட்டாக விழும், மேலே பள்ளம் விழும், அதை நிரப்ப மறுபடி ஊற்றுவீர்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு விற்கும் பேனலைக் கொடுக்காமல், கழிவுத் துண்டுகளை ஒட்டவைத்து அடிக்கு எத்தனை கிராம் போகிறது என்று அவர்களையே எடை போடச் சொல்லுங்கள். எண்ணைக் கண்ணால் பார்த்தால் கை தானாகத் திருந்தும்.

நான்காவதுதான் பெரியது: எந்த வேலைக்கு எந்த முறை என்று தேர்வு செய்வது. பெரிய துண்டுகள், நேர்க்கோடுகள், ஜன்னல் அளவு என்றால் ஈயச் சட்டத்துக்கு மாறுங்கள். சால்டர் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஈயச் சட்டத்தின் விலை வெள்ளீயம்போல் துள்ளாது. சின்னச் சின்ன இதழ், மயில் கழுத்து மாதிரி நுணுக்கமானவற்றுக்கு ஃபாயில்தான் சரி. ஒரே பேனலில் நடுவில் ஃபாயில், சுற்றிலும் ஈயச் சட்டம் என்று கலக்கவும் முடியும், டிசைன் வரையும்போதே அதை முடிவு செய்ய வேண்டும்.

மேஜையில் விழும் சொட்டுகளைத் தனி டப்பாவில் சேருங்கள், முதல் பூச்சுக்கு அப்படியே ஆகும். ஈயச் சட்டத் துண்டுகளை அதோடு கலக்காமல் வேறு டப்பாவில் போட்டு ஸ்க்ராப் கடைக்கு எடைக்குக் கொடுங்கள். வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஈயத் தூசி உடம்பில் சேர்ந்தால் திரும்ப எடுப்பது கடினம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகவும் கெடுதல். பட்டறையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஃப்ளக்ஸ் புகையை இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். வேலை செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ குடிக்காதீர்கள். செலவைக் குறைக்கும் பேச்சில் இந்த மூன்றும் வரவே கூடாது.

ஐந்தாவது படி: கண்ணாடியை டிசைனிலேயே மிச்சம் செய்யுங்கள்

எல்லாத் துண்டும் வெளிநாட்டு ஷீட்டாக இருக்க வேண்டியதில்லை. பூஜை அறைக் கதவில் நடுவில் தாமரை, சுற்றிலும் வெளிச்சம் வரும் பின்னணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிதான் பரப்பில் பாதிக்கு மேல். அங்கே நம் ஊர்க் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் டிசைன் கண்ணாடி, கோடு போட்டது, புள்ளி போட்டது, பனி மாதிரி மங்கலானது, எல்லாமே அழகாக உட்காரும். கடைக்காரர் ஓரத்தில் வைத்திருக்கும் வெட்டு மிச்சங்களையும் கேளுங்கள், உங்கள் துண்டுக்கு அதுவே போதும். உருக்கி ஒட்டும் ஃப்யூசிங் வேலைக்குத்தான் கண்ணாடிகளின் விரிவுக் குணம் ஒத்துப்போக வேண்டும். ஈயத்திலும் ஃபாயிலிலும் சேர்ப்பதற்கு எந்தக் கண்ணாடியையும் எந்தக் கண்ணாடியோடும் வைக்கலாம், தடிமன் ஒத்துப்போனால் சரி.

நிறத்துக்கு நிறம் விலை வேறு. பச்சை, பழுப்பு வகைகள் இரும்பு, குரோமியம் போன்ற மலிவான உலோகங்களிலிருந்து வருபவை. நல்ல சிவப்பு, ஆரஞ்சுக்குச் செலினியம், காட்மியம் வேண்டும். ரோஜா நிற இளஞ்சிவப்பு வகையில் உண்மையாகவே தங்கம் கலக்கிறார்கள், அதனால் வரிசையிலேயே அதுதான் விலை அதிகம். வாடிக்கையாளர் இளஞ்சிவப்புத் தாமரை கேட்டால் மறுக்க வேண்டாம். வெளி இதழ்களுக்கு வெளிர் நிறமும் உள் இதழ்களுக்கு மட்டும் தங்க இளஞ்சிவப்பும் வைத்து இரண்டு விலையையும் காட்டுங்கள். அவரே முடிவு செய்யட்டும்.

வெட்டும் முன் பேட்டர்ன் காகிதங்களை ஷீட் மேல் பரப்பிப் பாருங்கள். பெரிய துண்டு முதலில், அதன் வளைவுக்குள் சின்னது. கோடு ஓட்டமுள்ள ஷீட்டில் திசை பார்த்து வைக்க வேண்டியிருக்கும், அங்கே கழிவு கூடும். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் தனியாக 40 சதவீதம் சேருங்கள், முழு பேனலுக்கும் சேர்க்காதீர்கள். கட்டர் சக்கரத்தில் எண்ணெய் இருந்தால் கீறும் சத்தம் மெல்லிய சீரான சீறலாக வரும். கரகரவென்று வந்தாலோ வெள்ளைப் பொடி பறந்தாலோ அழுத்தம் அதிகம் அல்லது சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஒரு சக்கரத்தின் விலையைவிட அது உடைக்கும் முதல் சிவப்புத் துண்டின் விலை அதிகம்.

மிச்சத் துண்டுகளை நிறவாரியாக நிற்கவைத்து, ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர், ஷீட் எண், வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதுங்கள். இது பழுது வேலைக்குக் கைகொடுக்கும். 2016-ல் அமெரிக்காவின் ஸ்பெக்ட்ரம் கம்பெனி மூடப்பட்டபோது அதன் ஷீட்டுகளை நம்பியிருந்த உலகப் பட்டறைகள் எல்லாம் தவித்தன. பிறகு ஓஷன்சைடு என்ற கம்பெனி அந்த வகைகளை எடுத்துக்கொண்டது, ஆனாலும் இடையில் கையிருப்பு வைத்திருந்தவர்களே வேலையை முடித்தார்கள்.

கொள்முதலை இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து செய்யுங்கள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கிரேட்டில் வரும் கண்ணாடிக்கு, ஒரு ஷீட் வந்தாலும் பத்து ஷீட் வந்தாலும் மரப்பெட்டிக் கூலியும் லாரி சர்வீஸ் வாடகையும் பெரிதாக மாறாது. இறக்கும்போதே எல்லாரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள், உடைந்ததை அங்கேயே போட்டோ எடுத்து ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆறாவது படி: சூளை, மின்சாரம், காஸ்

கண்ணாடியில் பெயின்ட் செய்து சுடுபவர்களுக்கு மட்டும் இது. 3 கிலோவாட் மின் சூளை 650 டிகிரிக்கு ஏறி இறங்க, எலிமென்ட் ஓடும் நேரம் மொத்தம் 3 மணி என்றால் 9 யூனிட். உள்ளே நான்கு துண்டு இருந்தாலும் நாற்பது துண்டு இருந்தாலும் அதே 9 யூனிட்தான். எனவே தட்டு நிறையும்வரை பொறுங்கள். முகம், கை, கோடு என்று ஒரே வெப்பத்தில் சுடவேண்டியவற்றை வெவ்வேறு ஆர்டர்களிலிருந்து சேர்த்து அடுக்குங்கள். சில்வர் ஸ்டெயினுக்கு வெப்பம் குறைவு, அதைக் கடைசியில் தனியாக.

கதவு ஓரத்துச் சூடு கசிவைப் பாருங்கள். ஃபைபர் கயிறு நைந்திருந்தால் மாற்றுங்கள். சின்னச் செலவு, மிச்சமாக மாதாமாதம் திரும்ப வரும்.

கோடையில் மின்தடை வரும்போது ஜெனரேட்டரில் சூளையை ஓட்டாதீர்கள். சிறிய டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு ஏறக்குறைய 3 யூனிட்தான் தரும், அதாவது ஒரு யூனிட் 30 ரூபாய். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், சூடு மெதுவாகத்தான் இறங்கும். வந்தபின் கன்ட்ரோலரில் மிச்சத்தை மறுபடி போடலாம்.

மின் கட்டணம் 2022 செப்டம்பருக்குப் பிறகு 2023, 2024, 2025 ஜூலை மாதங்களிலும் மாற்றப்பட்டது. உங்கள் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். குடிசை மற்றும் குறுந்தொழிலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அது கடைகளுக்கான வணிகப் பிரிவைவிடக் குறைவு. பட்டறை வணிகப் பிரிவில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மாற்ற மனுக் கொடுங்கள். உத்யம் (குறு, சிறு தொழில்) பதிவுச் சான்று கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

காஸ் பர்னர் வைத்திருப்பவர்கள் 19 கிலோ வணிக சிலிண்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் விலை பொதுவாக மாதம் 1-ம் தேதி மாறும், கொட்டேஷன் எழுதும் நாளில் அதைப் பார்த்துவிடுங்கள். வீட்டு சிலிண்டரைப் பட்டறையில் மாட்டுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும்.

ஏழாவது படி: வண்டியோட்டம்

ஒரே வாரத்தில் அளவெடுக்க ஒரு நடை, சாம்பிள் காட்ட ஒரு நடை, பொருத்த ஒரு நடை. இந்த மூன்றைத்தான் குறைக்க வேண்டும். சாம்பிளைப் பார்சல் சர்வீஸில் அனுப்பி, வீடியோ காலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அளவெடுக்க ஓசூர் ஆள் ஒருவரை, தச்சரோ அலுமினிய வேலைக்காரரோ, கூலி பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் எடுக்கும் அளவு கதவுச் சட்டத்தின் நான்கு மூலையிலும், நடுவிலும், மூலைவிட்டத்திலும் இருக்க வேண்டும் என்று முதல் முறை கூட நின்று சொல்லிக் கொடுங்கள்.

கொட்டேஷனில் வண்டிச் செலவைச் சதுரடி ரேட்டுக்குள் ஒளிக்காதீர்கள், தனி வரியாகப் போடுங்கள். 'அளவெடுப்பு, பொருத்துதல் சேர்த்து இரண்டு நடை. மேலும் அழைத்தால் நடை ஒன்றுக்கு இவ்வளவு.' இந்த ஒரு வரி எழுதியதும் தேவையில்லாத அழைப்புகள் தாமாக நின்றுவிடும். சொந்த உபயோகக் காரில் போகிறவர்களுக்குத் தேசிய நெடுஞ்சாலை ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு, 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்க என்று அறிமுகமானது. வணிக வண்டிக்குச் செல்லாது. கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று அடிக்கடி என்எச் 44-ல் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எட்டாவது படி: கொட்டேஷனில் தேதி

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். விலை ஏறியதால் நஷ்டப்பட்ட பட்டறைகளைவிட, ஏறிய பிறகும் பழைய கொட்டேஷனுக்குக் கட்டுப்பட்டு நஷ்டப்பட்ட பட்டறைகள் அதிகம். வீட்டு வேலை ஆறு மாதம் இழுக்கும். 'அப்ப சொன்ன ரேட்டுதானே' என்று கேட்பார்கள். சொன்னது நாம்தான், தேதி இல்லாமல்.

இப்படி எழுதலாம்: 'இந்த விலை 15 நாள் செல்லும். முன்பணம் 60 சதவீதம் வந்த அன்றே சால்டர், ஃபாயில், கண்ணாடி வாங்கப்படும், அதன்பின் பொருள் விலை ஏறினாலும் உங்களிடம் கூடுதல் கேட்கமாட்டோம். முன்பணம் 15 நாளுக்குப் பின் வந்தால் சால்டர், கண்ணாடி இரண்டு வரிகளுக்கு மட்டும் அன்றைய விலை. விலை இறங்கியிருந்தால் அதையும் குறைப்போம்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெள்ளீயம் இறங்கவும் செய்யும் என்று மேலே பார்த்தோம். இறங்கும்போது குறைப்பவரை வாடிக்கையாளர் நம்புவார், ஏறும்போது வாதிடமாட்டார்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்பணம் வந்த அன்று உண்மையாகவே பொருளை வாங்கிவிட வேண்டும். அந்தப் பணத்தை முந்தைய வேலையின் கடனுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துச் சால்டர் வாங்கினால் இந்த ஏற்பாடே உடைந்துபோகும்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

"என்னண்ணா, எங்க மச்சான் வீட்டுக்குப் போன வருஷம் இதே சைஸ் பண்ணிக் குடுத்தீங்க. இப்ப நாலாயிரம் ஏத்திச் சொல்றீங்க?"

"ஆமாங்க சார். கூலி அதேதான், பாருங்க, அந்த வரி மாறல. சால்டரும் அந்த ஆரஞ்சு கிளாஸும்தான் ஏறிருக்கு. ரெண்டு பில்லையும் காட்டறேன். பின்னாடி இருக்கற அந்த வெள்ளை கிளாஸை நம்மூர்ல கெடைக்கறதா மாத்திக்கிட்டா ஏறினதுல பாதி கொறஞ்சிடும். மயில் அப்படியே இருக்கும்."

இப்படி வரி வரியாகப் பேசினால் பேரம் உங்கள் கூலியின் மேல் விழாது. ஒரே தொகையாகச் சொன்னால் குறைப்பதற்கு அங்கே கூலி மட்டும்தான் இருக்கும். நம் வேலையில் வரைவது, வெட்டுவது, தேய்ப்பது, ஃபாயில் சுற்றுவது எல்லாம் கைவேலை. அந்த மணி நேரத்தை விட்டுக்கொடுத்து வெள்ளீயத்துக்கு ஈடுகட்டும் பட்டறை நீண்ட நாள் நிற்காது.

ஒன்பதாவது படி: வரி, பதிவு, வரவேண்டிய பணம்

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களும், காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சதவீதக் கணக்கில் வரி கட்டும் எளிய முறை) இருப்பவர்களும் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்க உங்கள் அடக்க விலை. சால்டர் 2,400 என்று நோட்டில் எழுதும்போது வரியோடு எழுதுகிறீர்களா, இல்லாமலா என்று பாருங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் பல பட்டறைகள் அடக்கத்தைக் குறைத்துக் காட்டிக்கொள்கின்றன.

ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது எல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம். காம்பொசிஷன் திட்டத்தில் இருந்துகொண்டு கர்நாடகாவுக்குச் சரக்கு விற்க முடியாது. பதிவே இல்லாதவர் வெளிமாநிலத்துக்கு விற்கவும் பொதுவாகப் பதிவு கட்டாயம், கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. பெங்களூரு வேலை உங்கள் வருமானத்தில் பெரும் பங்கு என்றால் ஆடிட்டரோடு ஒருமுறை உட்கார்ந்து இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அதன் உண்மையான பயன் வசூலில் தெரியும். குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு தாண்டியும் கொடுக்காமல் நிதியாண்டு முடிந்துவிட்டால், வாங்கிய நிறுவனம் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாதபடி விதி வந்திருக்கிறது. பில்டருக்கும் ரிசார்ட்டுக்கும் அனுப்பும் பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். அவர்களுடைய கணக்குப் பிரிவே உங்கள் பில்லை மேலே எடுத்து வைக்கும்.

கருவி வாங்க, கையிருப்பு வைக்கக் கடன் தேவைப்பட்டால் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். உங்கள் வேலையை எந்தத் தொழில் பிரிவில் எழுதுவது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அங்கே பேசி முடிவு செய்யுங்கள். செய்த பேனல்களின் போட்டோவும் பழைய பில்லும் எடுத்துப் போனால் நல்லது.

பத்தாவது படி: பழுது வேலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள்

புதுப் பேனலில் பாதிப் பணம் பொருளுக்குப் போகிறது. பழுது வேலையில் பெரும்பாலும் உங்கள் கைதான். உடைந்த ஒரு துண்டு மாற்றுவது, வளைந்துபோன பேனலை நிமிர்த்துவது, மக்கு உதிர்ந்த இடத்தில் மறுபடி அடைப்பது. உலோக விலை எவ்வளவு ஏறினாலும் இந்த வருமானம் அசையாது. 1997-ல் உருவான தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டத்தில் இரண்டு மாவட்டத்துப் பங்குக் கோயில்களும் அடங்கும். ஈயச் சட்டக் கண்ணாடி உள்ள கோயில், பள்ளி, பழைய பங்களா எது உங்கள் பக்கத்தில் இருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கையால் லேசாக அழுத்தும்போது பேனல் கடகடவென்று ஆடினால் மக்கு போய்விட்டது என்று அர்த்தம்.

இதற்குச் சதுரடி ரேட் சொல்லாதீர்கள், மணிக்கூலி சொல்லுங்கள். முதலில் எல்லா ஜன்னலையும் போட்டோ எடுத்து எண் போடுங்கள், பிறகு ஒரே ஒரு ஜன்னலைக் கழற்றிச் செய்து நேரத்தைக் குறியுங்கள், அதை வைத்து மற்றவற்றுக்கு எழுதிக் கொடுங்கள். பழைய ஈயச் சட்டம் முழுக்க மாற்றும் வேலையில் கிலோ கணக்கில் ஈயம் கழியும். அது கோயிலின் சொத்து. எடை போட்டு, ஸ்க்ராப் ரசீதோடு அந்தத் தொகையைப் பில்லில் கழித்துக் காட்டுங்கள். கழற்றும்போது பறக்கும் பழைய மக்குத் தூசியில் ஈயம் இருக்கும், முகக் கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து வெட்டுங்கள், துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள்.